கடல்நீருக்கு வயது உண்டா?

மாணவர்களே, போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு புட்டி கடல்நீர் எடுக்கிறீர்கள். வட பசிபிக் பெருங்கடலில் 3000 மீட்டர் ஆழத்திலிருந்து இன்னொரு புட்டி வருகிறது. இரண்டும் உப்புக் கரிக்கும். பார்வைக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால், முதல் புட்டி நீர் இன்றும் காற்றோடு தொடர்பில் உள்ளது. இரண்டாவது, மேற்பரப்பை விட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த இடைவெளியைத்தான் கடல்நீரின் ‘வயது’ என்கிறோம்.

இதை ஏன் அளக்க வேண்டும்? மனிதர்கள் வெளியிடும் கரிவளியில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் ஈர்த்துக்கொள்கிறது. அது மேற்பரப்பிலேயே தங்கினால், மீண்டும் காற்றுக்குத் திரும்பலாம். ஆழத்துக்குச் சென்றால், பல நூறு ஆண்டுகள் அங்கேயே இருக்கும். எங்கே, எவ்வளவு வேகமாகக் கீழே செல்கிறது என்பதைக் காட்டும் கடிகாரங்களே கதிரியக்க அணுக்கள்.

கதிரியக்கப் பொருளில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம் அதன் அரை ஆயுட்காலம். நூறு மீட்டர் ஓட்டத்தை நாட்காட்டியால் அளக்க முடியாது அல்லவா? அதுபோல, ஒவ்வொரு கேள்விக்கும் ஏற்ற கடிகாரம் தேவை.

கார்பன்-14: 5730 ஆண்டுகள்

அண்டக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகும் கார்பன்-14, கரிவளியாகக் கடலில் கரைகிறது. நீர் ஆழத்துக்கு இறங்கியபின் காற்றிலிருந்து புதிய வரவு இல்லை. இருப்பது சிதைந்துகொண்டே போகும். 100 அணுக்கள் இருந்தால், 1000 ஆண்டுகளுக்குப் பின் சுமார் 89 எஞ்சும். அந்தக் குறைவை வைத்து வயதைக் கணக்கிடலாம்.

இங்கே ஒரு கவனம் தேவை. பழைய ஆழ்கடல் நீர் மேலே வந்து கலப்பதால், மேற்பரப்பு நீரே சராசரியாக 400 ‘ஆண்டுகள்’ வயதைக் காட்டும். அதைக் கழிக்காவிட்டால் விடை தவறிவிடும்.

டிரிட்டியம்: 12.3 ஆண்டுகள்

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள் ஏராளமான டிரிட்டியத்தைக் காற்றில் கலந்தன. கடலை ஆராய யாரும் அவற்றை நடத்தவில்லை. அவை மனிதர்களுக்குத் தீங்கு செய்தவை. ஆயினும் டிரிட்டியம் நீர் மூலக்கூறிலேயே சேர்ந்து, மழையாகக் கடலில் விழுந்து, ஓர் அடையாளமாயிற்று.

1970களில் ஜியோசெக்ஸ் ஆய்வுத் திட்டம் அதைத் தேடியது. வட அட்லாண்டிக்கின் வடபகுதியில் டிரிட்டியம் கடலடி வரை சென்றிருந்தது. வட பசிபிக்கிலோ பெரும்பாலும் மேல் 1000 மீட்டருக்குள்ளேயே நின்றது. காரணம், வட அட்லாண்டிக்கில் குளிர்ந்த, உப்பு மிகுந்த, அடர்த்தியான நீர் கீழே இறங்குகிறது. கரிவளி ஆழ்கடலுக்குள் நுழையும் முக்கிய வாசல்களில் அதுவும் ஒன்று.

தோரியம்-234: 24 நாள்கள்

கடல்நீரில் உள்ள யுரேனியம்-238 சிதைந்து தோரியம்-234 ஆகிறது. தாயான யுரேனியம் கரைந்தே இருக்கும். சேயான தோரியம் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். துகள்கள் மூழ்காத நீரில் இரண்டின் கதிரியக்கமும் சமமாக இருக்கும்.

மேற்பரப்பில் மிதக்கும் நுண்தாவரங்கள் ஒளிச்சேர்க்கைக்குக் கரிவளியை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் எச்சங்கள் மூழ்கும்போது தோரியத்தையும் இழுத்துச் செல்கின்றன. மேல்நீரில் தோரியம் எவ்வளவு குறைந்துள்ளது, மூழ்கும் துகள்களில் தோரியத்துக்கு எவ்வளவு கார்பன் உள்ளது என்ற இரண்டையும் அளந்தால், கடந்த சில வாரங்களில் கீழே சென்ற கார்பனின் அளவு கிடைத்துவிடும்.

ஆக, வாரக் கணக்குக்குத் தோரியம், பல பத்தாண்டுகளுக்கு டிரிட்டியம், ஆயிரம் ஆண்டுகளுக்குக் கார்பன்-14. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேள்வியைத் தெளிவாக்குங்கள். ஆய்வின் முதல் படி அதுவே.

முயன்று பாருங்கள்: 1963இல் கடலில் விழுந்த 320 டிரிட்டியம் அணுக்களில், 61.5 ஆண்டுகளுக்குப் பின் எத்தனை எஞ்சும்?

விடை: 61.5 ÷ 12.3 = 5 அரை ஆயுட்காலங்கள். 320 → 160 → 80 → 40 → 20 → 10. எஞ்சுபவை 10 அணுக்கள். அந்தக் கடிகாரம் மெல்ல ஓய்ந்து வருவதை இதிலிருந்து உணரலாம்.