கிணற்று மோட்டாரைக் காக்கும் தர்க்கச் சுற்று

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் இன்று வயலும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. பட்டறை வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டால், தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தைப் பற்றிச் சொல்வார்கள். இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே அகப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. 'இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்' என்று நிபந்தனை பார்த்து இயங்குவதைத்தான் தர்க்கச் சுற்று என்கிறோம். 'உம்', 'அல்லது', 'இல்லை' என்ற மூன்றே இதன் அடிப்படை. ரிலேக்களைக் கொண்டு இக்கணக்கைச் செய்யலாம் என்பதை அமெரிக்கரான கிளாட் ஷானன் 1937-இல் தம் ஆய்வேட்டில் காட்டினார்.

விவசாயிக்கு இது புதிதன்று. காண்டாக்டர் உள்ள ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானிலிருந்து கையை எடுத்த பின்னும் மோட்டார் ஓடுகிறதல்லவா? காண்டாக்டர் மூடும்போது கூடவே மூடும் ஒரு சிறு தொடர்பு, பொத்தானின் வேலையை ஏற்றுக்கொள்கிறது. பச்சைப் பொத்தான் அல்லது இந்தத் தொடர்பு மூடியிருக்க வேண்டும். சிவப்பும் அழுத்தப்படாமல் இருக்க வேண்டும். அவ்வளவே.

மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மீதி இரு முனைகளில் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகி, காயில் கருகும். பிரிவென்டர் என்னும் சிறு பெட்டி மூன்று முனைகளும் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒன்று குறைந்தாலும் மோட்டாரை நிறுத்தும். இருமுனையில் கண்டென்சர் வைத்து ஓட்டுவதற்காக இப்பெட்டியின் வயரைக் கழற்றிவிடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. ஒரு நாள் பாய்ச்சலுக்காக ரீவைண்டிங் செலவை வலிய அழைக்கும் செயல் அது.

கிணற்றில் நீர் வற்றும்போதும் மோட்டார் தானே நிற்கும்படி செய்யலாம். ஒரே ஒரு கம்பி தொங்கவிட்டால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. போதாது. நீர் கம்பியை விட்டு இறங்கியதும் மோட்டார் நிற்கும், ஊற்று சற்றே ஊறிக் கம்பியைத் தொட்டதும் ஓடும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டார் வழக்கத்தைப்போல் சுமார் ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதை மறக்கலாகாது. ஆகையால் மேலே ஒன்று, கீழே ஒன்று, பொதுவாக அடியில் ஒன்று என மூன்று கம்பிகள் தேவை. நீர் கீழ்க்கம்பிக்கும் கீழே போனால் நிறுத்து. மேல்கம்பியைத் தொட்டால் ஓட்டு. இடையில் இருந்தால் முன்பு இருந்த நிலையிலேயே இரு. முன்பு ஓடியதா, நின்றதா என்பதைச் சுற்று நினைவில் வைக்கிறது. ஸ்டார்ட்டரின் சிறு தொடர்பு செய்வதும் இதையே. கீழ்க்கம்பி புட்வால்வுக்கு ஒன்றிரண்டு அடி மேலே இருக்கட்டும்.

ஆட்டோ ஸ்டார்ட்டரில் மின்சாரம் வந்ததும் சற்றுத் தாமதித்து ஓடும்படி நேரம் வைக்க வசதி உண்டு. ஒரே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்தவர்கள் பேசி, ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொண்டால் மின்னழுத்தம் ஒரேயடியாக இறங்காது.

உப்பு நீரில் கம்பிகளில் படிவு ஏறும். அப்போது நீர் இருந்தும் இல்லையெனச் சுற்று எண்ணும். மெயின் சுவிட்சை அணைத்து, பியூசையும் எடுத்த பிறகே கம்பிகளை மேலே தூக்கி, மாதம் ஒருமுறை தேய்த்துச் சுத்தம் செய்க.