எண்ணெய் இயந்திரத் தொட்டியின் அளவைச் சரியாய் அறியும் விதம்

பரமத்தி வேலூர்ப் பிரதேசத்தில் ராஜா வாய்க்கால், கொமாரபாளையம் வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் இவற்றின் பாய்ச்சலைக் கொண்டு வெற்றிலைக் கொடிக்காலும், வாழையும், கரும்பும் பயிராகி வருவதை வாசகர்கள் அறிவார்கள். 1990-ஆம் வருஷம் முதல் விவசாயத்திற்கு மின்சாரம் இலவசமாய்க் கொடுக்கப்பட்டு வருவதால் கிணறுகளில் பெரும்பாலும் மின்சார மோட்டார்களே ஓடுகின்றன. ஆயினும், மின்சாரக் கம்பி எட்டாத கிணறுகளிலும், வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தப்பட்டுள்ள சமயங்களிலும், டீசல் இயந்திரத்தை வாடகைக்காவது பிடித்து இறைக்கவேண்டியதாகிறது. அவ்வமயம் தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று திட்டமாய் அறியாமையால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

சென்ற கோடையில் நான் நேரில் கண்ட ஒரு சங்கதியைக் கூறுகிறேன். ஒரு குடியானவர் தமது கொடிக்காலுக்கு ஓர் இரவு மட்டும் ஐந்து குதிரைச் சக்தி இயந்திரமொன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்; விடிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தொட்டி 40 செண்டிமீட்டர் நீளமும் 25 செண்டிமீட்டர் அகலமும் உள்ள செவ்வகப் பெட்டி. ஆகவே அதில் ஒரு செண்டிமீட்டர் உயரத்திற்கு ஒரு லிட்டர் கொள்ளும். குச்சியை விட்டுப் பார்த்தபோது எட்டரை செண்டிமீட்டர் நனைந்திருந்தது. எண்ணெய் வெளிச்செல்லும் குழாய் அடித்தகட்டிலிருந்து இரண்டு செண்டிமீட்டர் உயரத்தில் இருப்பதையும் அவர் மறக்கவில்லை. அதைக் கழித்து, ஆறரை லிட்டர் உண்டு, மணிக்கு ஒன்றேகால் லிட்டர் செலவானாலும் ஐந்து மணி நேரம் ஓடும் என்று கணக்கிட்டு வீட்டிற்குப் போய் உறங்கினார். இயந்திரமோ ஒன்றேகால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. கொடிக்காலில் முக்கால் பங்கு நனையவில்லை.

கணக்கில் பிழையில்லை, பிழை தரையில் இருந்தது. கிணற்றோரச் சரிவில் இயந்திரத்தை வைத்ததால் தொட்டியின் ஒரு முனை மற்றதைவிட ஐந்து செண்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. எண்ணெய் ஊற்றும் வாய் தாழ்ந்த முனையிலும், வெளிச்செல்லும் குழாய் உயர்ந்த முனையிலும் அமைந்திருந்தன. தாழ்ந்த முனையில் எட்டரை காட்டினால் நடுவில் ஆறுதான். தொட்டியில் உண்மையாய் இருந்ததும் ஆறு லிட்டரே. அதிலும் உயர்ந்த முனைக் குழாய்க்கு எட்டாமல் தங்கிவிடும் எண்ணெய் நாலரை லிட்டர். எஞ்சியது ஒன்றரை லிட்டர். இயந்திரத்தை ரசமட்டம் வைத்துச் சமனாய் நிறுத்தியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. சமனாக்க இயலாத இடத்தில், தொட்டியின் நடுவில் துவாரமிருப்பின் அங்கே அளப்பது உத்தமம். சரிவு எப்படியிருப்பினும் நடுமட்டம் மாறுவதில்லை.

கடலோரத்தில் சிறு விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை ஓயாமல் உண்டு. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமிக்குப் பின் நமது கடற்கரையில் கண்ணாடி இழைப் படகுகள் மிகுதியாயின. படகு வேகமெடுக்கையில் முன்பக்கம் தூக்குகிறது. அலையில் எண்ணெய் தளும்புகிறது. மிதவைக் கருவி வைத்திருந்தாலும் முள் ஆடிக்கொண்டே இருக்கும். படகின் அடி வளைவிற்கேற்ப ஆப்பு வடிவமாய்ச் செய்த தொட்டியில், கீழே குறுகியிருப்பதால், பாதி உயரம் எண்ணெய் நின்றால் கால் பங்குதான் இருக்கும். நடுக்கடலில் இதை அறியாதவன் கரை சேருவது கடினம். ஆதலால் தேர்ந்தவர்கள் முள்ளை நம்பாமல், போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு என்று எண்ணெயை மூன்றாய்ப் பிரித்து வைத்துக்கொள்வார்கள்.

நமது கிராமங்களில் பீப்பாயைப் படுக்கவைத்துத் தொட்டியாக்கிக் கொள்வோரும் கவனிக்கவேண்டும். படுத்த பீப்பாயில் கால் உயரம் நின்றால் கால் பங்கன்று, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. பத்தில் ஒரு பங்கு உயரம் நின்றால் இருபதில் ஒரு பங்கு மாத்திரம். எண்ணெய் குறையக் குறையக் குச்சி அதிகப் பொய் சொல்லும் என்று கொள்க.

எவ்வடிவத் தொட்டியாயினும் அதற்கென்றே ஓர் அளவுகோல் செய்துகொள்வது எளிது. தொட்டியைச் சமனாய் நிறுத்தி, குழாயைத் திறந்து, எண்ணெய் தானே வருவது நிற்கும்வரை வடியவிடுக. அப்போது உள்ளே தங்கியிருக்கும் மட்டமே பூஜ்யம். நன்றாய்க் காய்ந்த மூங்கில் பிளாச்சு ஒன்றை வழவழப்பாய்ச் சீவி, செங்குத்தாய் அடிவரை விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் கத்தியால் கீறுக. முழு மூங்கில் கூடாது. உள்ளே எண்ணெய் ஏறும். பின்பு முத்திரையிட்ட அளவுப் பாத்திரத்தால் இரண்டிரண்டு லிட்டராய் ஊற்றி, எண்ணெய் அசைவற்று நின்றபின் ஒவ்வொரு முறையும் கீறிக்கொண்டு வருக. பக்கத்து வீட்டாரின் குச்சியை இரவல் வாங்குவது வீண். பெட்ரோல் தொட்டியானால் குச்சி எடுத்தவுடனே உலர்ந்துபோகும்; சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு விட்டால் ஈரக்கோடு நன்கு தெரியும். உள்ளே பார்க்கத் தீக்குச்சியோ விளக்கோ ஒருபோதும் காட்டலாகாது.

கண்ணாடிக் குழாய் பொருத்திய தொட்டிகளில் கண்ணை மட்டத்திற்கு நேரே வைத்து, குழிவின் அடியைப் பார்க்கவேண்டும். தொட்டி மூடியிலுள்ள சிறு துவாரம் தூசியால் அடைபட்டால், எண்ணெய் இறங்க இறங்க உள்ளே காற்றின் அழுத்தம் குறைந்து, மேல்வாய் திறந்த கண்ணாடிக் குழாயில் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். கடைசியில் எண்ணெய் இருந்தும் இயந்திரம் நின்றுவிடும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் ஓடத் தொடங்கினால் காரணம் இதுவே.

தொட்டி முற்றும் வறண்டு நின்ற இயந்திரம் எண்ணெய் ஊற்றியவுடன் ஓடாது. குழாயில் புகுந்த காற்றை, வடிகட்டியின் மேலுள்ள திருகையும் பம்பின் திருகையும் முறையே தளர்த்தி, குமிழியற்ற எண்ணெய் வரும்வரை வெளியேற்ற வேண்டும். இரவில் கைவிளக்கொளியில் பழக்கமில்லாதவர் செய்யத்தக்க வேலையன்று. மேற்சொன்ன குடியானவர் மெக்கானிக்கு வரும்வரை காத்திருந்ததில் இரவு கழிந்தது.

இன்னொன்று. பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து நீராகி அடியில் தங்கும். எண்ணெயைவிட நீர் கனமாதலின் குச்சி அதையும் எண்ணெயாகவே காட்டும். மாலையில் தொட்டியை நிரப்பி வைப்பதும், வாரமொருமுறை அடித்திருகைத் திறந்து சிறிது வடிப்பதும் போதும். வடித்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் நீர் அடியில் தனியே நிற்பது தெரியும்.