ஓடாத சார்ஜருக்கும் பில் வரும்

அன்புள்ள தம்பிக்கு,

மின்வாகன சார்ஜிங் நிலையங்களுக்குக் கட்டணம் கணக்கிடும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, “யூனிட் என்ன விலை?” வண்டி ஓட்டுபவர் அப்படிக் கேட்கலாம். நீ முதலில் பார்க்க வேண்டியது கிலோவாட்டை.

நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் 60 கிலோவாட் டிசி சார்ஜர் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள். நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 200 ரூபாய் என்றால், ஒரு வண்டிகூட வராத மாதத்திலும் 12,000 ரூபாய் கட்ட வேண்டும். மாதம் 1,000 யூனிட்தான் போகிறது என்றால் யூனிட் தலையில் 12 ரூபாய் ஏறிவிடும். மின்சாரத்தின் விலை அதற்கு மேல். அதே சார்ஜரில் 6,000 யூனிட் போனால் இந்தச் சுமை யூனிட்டுக்கு 2 ரூபாய்தான். ஒரே கட்டண ஆணை, ஒரே இயந்திரம். ஒருவர் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். இன்னொருவர் இரண்டாவது சார்ஜருக்கு விண்ணப்பிப்பார்.

மின்வாரியம் பேராசையில் கேட்கும் பணம் என்று இதை நினைத்துவிடாதே. அந்த 60 கிலோவாட்டை எந்த நேரத்திலும் தருவதற்கு டிரான்ஸ்பார்மரும் கேபிளும் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் போட்ட முதலீட்டை யாராவது அடைத்தாக வேண்டும். சார்ஜிங் நிலையம் அதைச் செலுத்தாவிட்டால் அது எங்கோ ஒரு வீட்டு பில்லிலோ, லேத் பட்டறையின் பில்லிலோ போய்ச் சேரும். இந்த இரண்டு பக்க நியாயமும் உன் கணக்கில் இருக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் இந்தச் சுமை பெரிய அளவில் தெரிந்தது. ஈவிகோ நிறுவனத்தின் சார்ஜிங் நிலையங்களை ராக்கி மவுண்டன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு ஆராய்ந்து 2017-ல் அறிக்கை வெளியிட்டது. சில இடங்களில் கோடை மாத மின் பில்லில் 90 சதவீதத்துக்கு மேல் டிமாண்ட் கட்டணமாகவே, அதாவது கிலோவாட் கணக்கில் விதிக்கும் கட்டணமாகவே இருந்தது. சதர்ன் கலிபோர்னியா எடிசன் என்ற மின் நிறுவனம் 2019 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அந்தக் கட்டணத்தை நிறுத்திவைத்து, பிறகு படிப்படியாகத் திரும்பக் கொண்டுவரும் வழியை எடுத்தது. பிஜி அண்ட் இ என்ற இன்னொரு மின் நிறுவனம் 2020-ல் அதற்குப் பதிலாக மாதச் சந்தா முறைக்குப் போனது. சலுகைக்கு முடிவுத் தேதியை முதலிலேயே எழுதிவைத்த எடிசனின் வழியே சரி என்று படுகிறது.

இந்தியாவும் அந்தத் திசையில்தான் போகிறது. மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல், பொது நிலையங்களுக்கு நிலைக்கட்டணம் தனியாக இல்லாத ஒற்றைக் கட்டணத்தைச் சொன்னது. அது சராசரி வழங்கல் செலவைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. 2024 செப்டம்பர் வழிகாட்டுதல் அந்த ஏற்பாட்டை 2028 மார்ச் 31 வரை நீட்டித்தது. கூடவே, காலை 9 முதல் மாலை 4 வரை சராசரிச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரமெல்லாம் 1.3 மடங்கு என்று பிரித்தது.

பகல் சலுகை நல்லதுதான். சூரிய மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் வண்டிகளை இழுக்கிறது. மதியம் சாப்பாட்டுக்கு ஒதுங்கும் மின் ஆட்டோக்காரருக்கு நேரடி லாபம். ஆனால் மாலை 7 மணியையும் நள்ளிரவு 2 மணியையும் ஒரே விலையில் வைப்பது சரியில்லை. மாலையில் ஊரே விளக்கும் ஃபேனும் போடுகிறது. நள்ளிரவில் பாதி ஊர் தூங்குகிறது. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை இரவிலும் சுற்றுகின்றன. அந்த மாதங்களின் பின்னிரவுக்குத் தனி விலை கேட்டு நீ வாதாட வேண்டும். கட்டணத்தை இறுதி செய்வது மாநில ஒழுங்குமுறை ஆணையம் என்பதால் அதற்கு இடமிருக்கிறது.

இன்னொன்றையும் கவனி. சார்ஜ் செய்து தருவது மின் விற்பனை அல்ல, சேவை என்று 2018 ஏப்ரலில் அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அதனால் உரிமம் இல்லாமலே யாராலும் நிலையம் திறக்க முடிந்தது; மிக நல்ல முடிவு. ஆனால் சேவை என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்துகொண்டது. வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. போர்டிகோவில் பிளக் வைத்திருப்பவர் ஜிஎஸ்டி இல்லாமல் சார்ஜ் செய்கிறார். தெருவில் வண்டி நிறுத்தும், வாடகை வீட்டில் இருப்பவர் அந்த வரியோடு கட்டுகிறார். கட்டண மனுவில் இதற்கென்று பத்தி கிடையாது. இருந்தும் ஒரு பக்கம் எழுதிச் சேர்.

2028 மார்ச்சுக்குப் பிறகு என்ன என்ற கேள்வி உன் மேசைக்குத்தான் வரும். அதற்குள் நகரம், நெடுஞ்சாலை, சிற்றூர் என்று பலவகை நிலையங்களின் பில்களையும், எந்த நேரத்தில் எவ்வளவு இழுத்தன என்ற மீட்டர் பதிவுகளையும் சேர்த்துவை. ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போய் எப்போது சார்ஜ் போடுகிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். கட்டணம் குறித்து ஆணையத்தின் பொது விசாரணை நடக்கும் நாளில் சவாரியை விட்டுவிட்டு அவர்களால் வந்து பேச முடியாது.

அன்புடன்,
உன் அண்ணன்