கேட்கும் குரலும் கேட்க வேண்டிய உதவியும்

'கேட்டல்' என்னும் நம் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியில் ஒலி படுவதும் கேட்டல். ஒருவரிடம் உதவி நாடுவதும் கேட்டல். அருகில் எவரும் இல்லாத வேளையில் காதில் குரல் கேட்கும் இளைஞருக்கு முதற் கேட்டல் தானே வந்துவிடுகிறது. இரண்டாவதோ, அச்சத்தாலும் நாணத்தாலும் காலங் கடந்தே வருகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாட்களைக் குறைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். உளவியல் மாணவன் என்ற முறையில் படித்தவற்றையும், டில்லியில் விடுதி வாழ்வில் கண்டவற்றையும் நண்பர்கள் முன் வைக்கிறேன்.

குரல் கேட்கிறது என்றால், 'பைத்தியம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. அது பொருந்தாது. கண் அயரும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லி அழைத்தாற்போல் தோன்றுவது பலருக்கும் நேர்வதே. பல இரவுகள் உறங்காதவர்க்கும், கடுங் காய்ச்சல் கண்டவர்க்கும், நெருங்கிய உறவினரைப் பறிகொடுத்தவர்க்கும் குரல் கேட்கலாம். கஞ்சாவும், ஹோலி நாளில் விளையாட்டாக அருந்தும் பாங்கும் அதைத் தூண்டிவிடலாம். கடும் மனச்சோர்விலும், வலிப்பு நோயின் சில வகைகளிலும், மனச்சிதைவு நோயிலும் அது கேட்கும். இவற்றுள் எது காரணம் என்று ஆராய்ந்து சொல்ல வேண்டியவர் மருத்துவர். அறைத் தோழரும் அல்லர், ஊர்ப் பூசாரியும் அல்லர்.

உலக அளவில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் மனச்சிதைவால் வருந்துகிறார். ஆண்களிடம் அது பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதிக்கும் இருபத்தைந்து வயதிற்கும் இடையே தலைகாட்டுகிறது. பெண்களிடம் சற்றுப் பிந்தி வருகிறது. இது நாம் பல்கலைக் கழகத்தில் கழிக்கும் பருவம் அல்லவா? மருத்துவம் தொடங்காமல் கழியும் காலம் நீள நீள, தேறுவதும் கடினமாகிறது. ஆகையால், 'தேர்வு முடியட்டும், பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவது நன்றன்று.

குரல் வெறும் கற்பனை என்று எண்ணுவதும் தவறே. 1993-இல் லண்டன் ஆய்வாளர்கள், குரல் கேட்கும் வேளையில் நோயாளரின் மூளையை ஆராய்ந்தார்கள். பேசுவதற்கு உதவும் புரோக்கா என்னும் பகுதியில் அப்போது குருதியோட்டம் மிகுந்திருந்தது. கேட்பவர்க்கு அது உண்மையாகவே கேட்கிறது.

நம்மைத் தொட்டுச் செல்லும் ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. டான்யா லூர்மன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் சென்னை, கானா நாட்டின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மாட்டியோ ஆகிய மூன்று இடங்களில், இடத்திற்கு 20 பேராகக் குரல் கேட்போரைக் கண்டு பேசினார்கள். அமெரிக்கர் பலர் முன்பின் அறியாத கொடுங் குரல்களைப் பற்றிக் கூறினர். சென்னையிலோ பலருக்குக் கேட்டவை உறவினர் குரல்கள்; வீட்டு வேலையைச் செய் என்று ஏவியும் கண்டித்தும் பேசும் குரல்கள். குரல் அவரவர் வாழ்ந்த வீட்டின் சாயலோடு வருகிறது என்பது இதனால் விளங்கும். அதை எடுத்துச் சொல்வதற்கும் வீட்டு மொழியே வேண்டும் என்பது என் கருத்து.

இதை நான் நேரிலும் கண்டேன். எங்கள் விடுதியில் முதலாண்டுத் தம்பி ஒருவர் உணவுக் கூடத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார். இரவில் உறங்குவதில்லை. ஒருநாள் மெல்லச் சொன்னார்: "அண்ணா, மாடி அறைக்காரர்கள் என்னைத் தமிழிலேயே திட்டுகிறார்கள்." மாடி அறையில் இருந்தவர்கள் பஞ்சாபியர். நான் வாதாடவில்லை, எனக்கும் கேட்கிறது என்று பொய்யும் சொல்லவில்லை. "தம்பி, எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்கிறது. தூக்கமே இல்லாமல் எத்தனை நாள் தாங்குவாய்? வா, மருத்துவரைப் பார்ப்போம்" என்றேன்.

மருத்துவர் இந்தியில் வினவினார். பிறகு ஆங்கிலத்தில் வினவினார். தம்பி எல்லாவற்றிற்கும் தலையசைத்தார். அவருடைய இசைவைப் பெற்று நான் தமிழில் கேட்டபோதுதான், 'சோற்றில் நஞ்சு இருக்கிறது' என்று குரல் எச்சரிப்பது வெளிவந்தது. மொழிபெயர்ப்பவர் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அறைக்கு வெளியே வாய் திறக்கலாகாது. அந்தத் தம்பி ஒரு பருவம் விடுப்பெடுத்து ஊரில் மருத்துவம் பெற்றார். இன்று வகுப்புக்கு வருகிறார். குரல் முற்றும் மறையவில்லை, தணிந்திருக்கிறது. அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

உதவி எங்கே கிடைக்கும்? பல்கலைக் கழக மருத்துவ நிலையத்தில் தொடங்கலாம். டில்லியில் தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ், பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஆகியவை இதற்கெனவே உள்ள நிலையங்கள். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். தன்னையோ பிறரையோ துன்புறுத்துமாறு குரல் கட்டளையிட்டால், நண்பரைத் தனியே விடாமல் அப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

செய்தி பரவிவிடுமோ என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரின் செய்தியை மறைவாகக் காக்கும் கடமையை மருத்துவர்க்கு விதிக்கிறது. 1952-இல் பாரிசில் குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்பட்டது முதல் மருந்துகள் பல வந்துள்ளன. அவற்றால் சிலருக்கு உறக்கம் மிகும், எடை கூடும். அதை மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்துதல் கூடாது.

ஊரில் பெற்றோர் முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்ல விரும்பலாம். வழிபாட்டை நான் குறை கூறவில்லை. ஆனால், 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டுண்டு தப்ப இயலாமல் மாண்ட 28 பேரை நாம் மறக்கலாகாது. வழிபாடு மருத்துவத்தோடு சேர்ந்து நடக்கட்டும்.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். புதிய மாணவர் வரவேற்பு நாளில், நூலகம், உணவு விடுதி பற்றிச் சொல்லும்போதே 14416 என்னும் எண்ணையும் சொல்லுங்கள். மருத்துவரிடம் உடன்வந்து தமிழில் கேட்டுச் சொல்ல முன்வரும் மூத்த மாணவர், மாணவியர் இருவர் பெயரையும் அறிவியுங்கள். வேற்றுமொழி வழங்கும் நகரில் தமிழர் ஒருவருக்கொருவர் செய்யக் கூடிய உதவிகளுள் இதனினும் எளியதும் பெரியதும் வேறில்லை.