கல்லில் வெட்டிய கணக்கு



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் (கி.பி. 919, 921) ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய சொந்தக்காரருக்கும் இடமில்லை! (நம் குழுவில் எப்படி?)

பல கோயில்களில் திருப்பணி என்று மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்ததில் இப்படிப்பட்ட எழுத்து தேய்ந்தே போச்சு. பிறகு யாரிடம் போய்க் கேட்பது? அதனால் ஊர் வாத்தியாரையும் சேர்த்து நாம் ஒரு வரலாற்றுக் குழு அமைப்போம். கோயில் சுவர், ஏரி மதகு, ஏன், துணி துவைக்கிற கல்லைக்கூடப் புரட்டிப் பாருங்க. எழுத்து தெரிந்தால் தேய்க்காதீங்க, சுண்ணாம்பு அடிக்க விடாதீங்க. போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு மனு எழுதுவோம்.