ஜெர்மன் வீட்டில் ஓராண்டு: ஓ-பேராகப் போகும் பிள்ளைகளுக்கு

படிப்பு முடிந்ததும் ஓர் ஆண்டு ஜெர்மன் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழி கற்க வருகிறவர்களை ஓ-பேர் என்று அழைக்கிறார்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் நெடுநாள் குடியிருப்பவள் என்பதால் அப்படி வரும் தமிழ்ப் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் நீங்கள் விருந்தாளியும் இல்லை, வேலையாளும் இல்லை. அந்த இடத்தில் எப்படி இருப்பது என்று நமக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. நல்ல குடும்பத்துக்கு வந்த நல்ல பிள்ளைகளும் திணறுகிறார்கள். தேவையை வாய்விட்டுச் சொல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

1. விதிகளைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது. நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதுதான் வேலையின் எல்லை. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு, 70 யூரோ மொழி வகுப்புக்கு, தனி அறை, சாப்பாடு, காப்பீடு, வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, ஆண்டுக்கு 4 வாரம் விடுப்பு: இவ்வளவும் குடும்பம் தர வேண்டியவை. நம்மூரிலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்துக்கு ஓ-பேராகப் போக அனுமதி கிடையாது. வீட்டுக்குள் அவர்கள் ஜெர்மனே பேசினாலும் இதே விதிதான். ஜெர்மன் மொழியில் ஏ1 தேர்ச்சி விசாவுக்குப் போதும், வீட்டுக்குப் போதாது. முடிந்தால் ஏ2 முடித்துவிட்டு வாருங்கள். அழுகிற குழந்தை எதற்காக அழுகிறது என்று புரியாமல் நிற்பது பெரிய வேதனை.

2. அங்கே ஒரு முறைதான் கேட்பார்கள். நம் வீட்டில் ‘போதும்’ என்று சொன்ன பிறகுதான் இன்னொரு தோசை தட்டில் விழும். அங்கே ‘வேண்டாம்’ என்றால் பாத்திரம் அடுத்தவர் பக்கம் போய்விடும். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு, பசியோடு அறைக்குப் போய் அழுத பெண்களை எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பினார்கள், அவ்வளவுதான். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள். குளிர்ந்தால் இன்னொரு போர்வை கேளுங்கள். சனிக்கிழமை உங்கள் ஓய்வு நாளாக இருந்து, குழந்தையைப் பார்க்க முடியுமா என்று கேட்டால், ‘இந்தச் சனிக்கிழமை முடியாது’ என்று சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: நம் தலையாட்டல் அவர்களுக்குப் புரியாது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று வாயால் சொல்லுங்கள். புரியாததற்கு ‘ஆம்’ சொல்லவே கூடாது. எந்தக் குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாது, எந்த மருந்து எத்தனை சொட்டு என்பதெல்லாம் அரைகுறையாகப் புரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. குழந்தைகளின் அப்பாவையும் அம்மாவையும் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார்கள். கூப்பிடுங்கள். ஆன்ட்டி, அங்கிள் என்றால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். முதல் வாரம் நாக்கு கூசும், பிறகு பழகிவிடும்.

4. பல வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். வீட்டில் ஆளுக்கொரு வரிசை இருக்கும்: பல் மருத்துவர், நீச்சல் வகுப்பு, பாட்டி வருகை எல்லாம் அதில் இருக்கும். முதல் நாளே உங்கள் பெயருக்கும் ஒரு வரிசை கேளுங்கள். மொழி வகுப்பு, ஓய்வு நாள், வேலை நேரம் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். சுவரில் இருப்பதைத்தான் அந்த வீடு மதிக்கும். பேருந்து தாமதமாகி ஐந்து நிமிடம் பிந்துவீர்கள் என்றாலும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

5. சாப்பாடு. பல வீடுகளில் இரவில் அடுப்பு பற்ற வைப்பதில்லை. ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெள்ளரிக்காய், இறைச்சித் துண்டுகள், அதோடு சரி. சோறு இல்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் வந்த வாரமே பேசி, வாரத்தில் இரண்டு நாள் சமைக்க அனுமதி வாங்குங்கள். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலை முழுவதுமாகத் திறந்து வையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவிக்குக் கடுகும் வற்றல் மிளகாயும் பழக்கமில்லை. பல நகரங்களில் ஈழத்தமிழர் கடைகள் உண்டு. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் அங்கே கிடைக்கும்.

6. வீட்டு நடைமுறைகள் சில. வெளிச் செருப்போடு உள்ளே போகாதீர்கள். குளித்ததும் கண்ணாடித் தடுப்பை வழித்துத் துடையுங்கள். கழிப்பறையில் காகிதம்தான் இருக்கும். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு சிறு குவளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தரையை நனைக்காதீர்கள். பையன்கள் சிறுநீர் கழிக்கவும் உட்கார வேண்டும் என்று பல வீடுகளில் எதிர்பார்ப்பார்கள். காகிதம், மக்கும் குப்பை, பொட்டலக் குப்பை, மற்றவை என்று தொட்டிகள் தனித்தனி. ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும், எறியாதீர்கள். இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது. ஞாயிறன்று கடைகளும் மூடியிருக்கும். குளிர்காலத்திலும் தினம் சில நிமிடம் சன்னல்களை அகலத் திறப்பார்கள். அந்த நேரத்தில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

7. குழந்தைகள். இதைத்தான் நிறைய யோசித்துவிட்டு வர வேண்டும். ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டு முதல், வன்முறையில்லாமல் வளர்க்கப்படுவது குழந்தையின் சட்டப்படியான உரிமை. விளையாட்டுக்குக்கூடக் கை ஓங்காதீர்கள். ‘பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிடுவான்’ போன்ற பயமுறுத்தலும் வேண்டாம். கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சாதீர்கள். முத்தம் வேண்டாமென்று குழந்தை விலகினால் விட்டுவிடுங்கள்.

‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்று தட்டோடு பின்னாலேயே ஓடுவது நம் அன்பு. அங்கே மூன்று வயதுக் குழந்தை தானாகச் சாப்பிடும், போதுமென்றால் எழுந்துவிடும். மழையில் ரப்பர் பூட்ஸும் சேற்றுக்கால்சட்டையும் போட்டுக் குட்டையில் குதிக்கும். சளி பிடிக்குமே என்று உங்கள் மனம் அடித்துக்கொள்ளும், ஆனாலும் குதிக்க விடுங்கள். மாலை ஏழு, ஏழரைக்குள் கதை படித்து, விளக்கை அணைத்து, தனிக் கட்டிலில் தூங்கவைப்பார்கள். சரியென்று படாத ஒன்று இருந்தால் குழந்தை தூங்கிய பிறகு பெற்றோரிடம் கேளுங்கள். குழந்தையின் முன்னால் கேட்கக் கூடாது. குழந்தையின் படத்தை அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோ போடவே போடாதீர்கள். அந்த ஒரு காரணத்துக்கே நம்பிக்கை முறிந்துவிடும்.

8. நவம்பர் கடினமான மாதம். மாலை நாலரை, ஐந்துக்குள் இருட்டிவிடும். தீபாவளி போயிருக்கும், வீட்டு நினைவு நெஞ்சை அடைக்கும். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் ஊரோடு பேசினால் ஏக்கம் கூடத்தான் செய்யும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே குழந்தைகளோடு வெளியே போங்கள். நவம்பர் 11-ஆம் தேதி மார்ட்டின் திருநாளில் பிள்ளைகள் கையில் விளக்கேந்திப் பாடிக்கொண்டு போவார்கள், கூடவே நடங்கள். டிசம்பர் 24-ஆம் தேதி மாலைதான் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரிப்பார்கள். நீங்களும் ஆளுக்கொரு சிறு பரிசு வைத்திருங்கள். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு முடிந்தால் ஒருமுறை போய்வாருங்கள். நம் சனங்களைக் கூட்டமாகப் பார்ப்பது மனத்துக்குத் தெம்பு தரும். ஆனால் எல்லா ஓய்வு நாளையும் தமிழரோடே கழித்தால் மொழி நிற்கிற இடத்திலேயே நிற்கும்.

9. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். 30 மணி நேரம் 45 ஆனால், கைச்செலவுப் பணம் நின்றால், முதலில் உட்கார்ந்து பேசுங்கள். எழுதி வைத்த மணிக்கணக்கோடு பேசுங்கள். அதற்கும் மாறவில்லையென்றால் அனுப்பிவைத்த முகமையிடம் சொல்லி வேறு குடும்பம் தேடலாம். வழக்கமான ஒப்பந்தங்களில் முன்னறிவிப்பு 14 நாள். வெளிநாட்டினர் அலுவலகத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அடுத்த குடும்பத்தில் மீதமுள்ள மாதங்கள் மட்டுமே இருக்கலாம். வீட்டில் யாராவது தொட்டாலோ மிரட்டினாலோ 14 நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே வெளியேறுங்கள். போலீசுக்கு 110. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவி எண் 116016. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், பல மொழிகளில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. ஊரில் என்ன சொல்வார்களோ என்று யோசித்து ஓர் இரவுகூட அங்கே தங்காதீர்கள்.