அசையாத படம், ஓயாத சவ்வு

பிளஸ் டூ உயிரியல் படித்தவர்களுக்கு அந்தப் படம் மறந்திருக்காது. உருண்டைத் தலை, அதிலிருந்து தொங்கும் இரண்டு வால்; அப்படி ஒரு வரிசை, அதற்கு எதிரே தலைகீழாக இன்னொரு வரிசை. நடுநடுவே உருளைக்கிழங்கு மாதிரிச் சில புரதங்கள். மதிப்பெண் வாங்கித் தந்த படம்தான். ஆனால் செல் சவ்வைப் பற்றிய தப்பான எண்ணங்கள் பலவும் அதிலிருந்தே முளைத்தவை.

நம்பிக்கை: சவ்வு என்பது செல்லைச் சுற்றிய மதில் சுவர்.

உண்மை: மதிலில் செங்கல் நகராது, சவ்வில் எதுவும் நின்ற இடத்தில் நிற்காது. அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். 20,000 சவ்வுகளை அடுக்கினால்தான் ஒரு காகிதத்தின் கனம் வரும். அந்த மெல்லிய அடுக்குக்குள் ஒரு லிப்பிடு மூலக்கூறு (படத்தில் தலையும் இரண்டு வாலுமாக இருப்பது) சுமார் 2 மைக்ரோமீட்டர் தூரத்தை, அதாவது ஒரு பாக்டீரியாவின் நீளத்தை, ஒரு வினாடியில் கடந்துவிடும்.

புரதங்களும் நகர்கின்றன என்பதை 1970இல் ஃப்ரை, எடிடின் இருவரும் கண்ணெதிரே காட்டினார்கள். எலியின் செல்லையும் மனிதச் செல்லையும் இணைத்து ஒன்றாக்கி, ஒன்றின் மேற்பரப்புப் புரதங்களுக்குப் பச்சையும் மற்றதன் புரதங்களுக்குச் சிவப்புமாக ஒளிரும் சாயம் ஏற்றினார்கள். முதலில் பாதி பச்சை, பாதி சிவப்பு. உடல் வெப்பத்தில் 40 நிமிடம் போனதும் இரு நிறமும் செல் முழுக்கக் கலந்திருந்தன. குளிரில் வைத்த செல்களில் அந்தக் கலப்பு நடக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து சிங்கரும் நிக்கல்சனும் ‘பாய்ம மொசைக்’ மாதிரியை வெளியிட்டார்கள்.

குளிரின் வேலை நம் வீட்டு அலமாரியிலேயே தெரியும். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடக்க, பக்கத்தில் சூரியகாந்தி எண்ணெய் அப்படியே இருக்கும். தேங்காயெண்ணெயில் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள்; அவற்றின் வால்கள் நேரானவை, நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நிறைவுறாதவற்றின் வாலில் ஒரு வளைவு இருப்பதால் நெருங்க முடியாது. ஈ.கோலை பாக்டீரியா இந்த நுட்பத்தைத்தான் கையாள்கிறது: குளிர் கூடினால் தன் சவ்வில் வளைந்த வால்களின் பங்கைக் கூட்டிக்கொள்ளும்.

நம்பிக்கை: சவ்வு ரப்பர் பலூன் போல இழுபடும்.

உண்மை: வளையச் சொன்னால் எப்படியும் வளையும், இழுத்தால் தாங்காது. பரப்பு மூன்று, நான்கு சதவீதம் கூடினாலே இரட்டை அடுக்கு கிழிந்துவிடும். அப்படியானால் சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணு, அதைவிடக் குறுகலான தந்துகிக்குள் எப்படி நுழைகிறது? தொளதொளச் சட்டை போட்டிருப்பதால்தான். அதே கொள்ளளவுள்ள உருண்டைக்குத் தேவைப்படுவதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் சவ்வு அதனிடம் உண்டு. வெறும் தண்ணீரில் போட்டால் சிவப்பணு நீரை உறிஞ்சி, மிச்சமிருந்த தொளதொளப்பெல்லாம் தீர்ந்து உருண்டையாகி, கிழிந்துவிடும். இரத்த நாளத்தில் ஏற்றும் சலைனில் 0.9 சதவீதம் உப்பு இருப்பது இதனால்தான்.

நம்பிக்கை: எண்ணெய்ப் படலம்தானே, தண்ணீரை உள்ளே விடாது.

உண்மை: தண்ணீர் மூலக்கூறு சிறியது, மெதுவாகவேனும் நுழைந்துவிடும். திணறுவது மின்னூட்டம் கொண்ட அயனிகள். தண்ணீரோடு ஒப்பிட்டால் சோடியம் அயனி நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கே கசிகிறது. சிறுநீரகம் போன்ற இடங்களில் தண்ணீருக்கும் இந்த வேகம் போதாது. அங்கே அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் உதவுகின்றன. 1992இல் அதை அடையாளம் காட்டிய பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

அயனிகளைத் தடுப்பதால் சவ்வின் இரு புறமும் மின்னழுத்த வேறுபாடு நிற்கிறது. நரம்பு செல்லில் அது சுமார் 70 மில்லிவோல்ட். சின்ன எண்தான், ஆனால் அது விழுவது 5 நானோமீட்டருக்குள். மீட்டருக்குக் கணக்கிட்டால் 1.4 கோடி வோல்ட் வருகிறது. காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வந்தாலே பொறி பறக்கும்.

இந்தக் காவலை அடுக்களையில் சோதிக்கலாம். பீட்ரூட் துண்டுகளை நிறம் போகும்வரை கழுவிவிட்டு, பாதியைக் குளிர்ந்த நீரிலும் பாதியைக் கொதித்து இறக்கிய நீரிலும் போடுங்கள். முதல் டம்ளர் பெரிதாக நிறம் மாறாது. இரண்டாவது சிறிது நேரத்தில் செக்கச் சிவந்துவிடும். சாயத்தைப் பூட்டி வைத்திருந்த சவ்வுகள் சூட்டில் சிதைந்துவிட்டன.

நம்பிக்கை: கொலஸ்ட்ரால் உடம்புக்குள் வந்த எதிரி.

உண்மை: இரத்தத்தில் எல்.டி.எல். கூடினால் இதயத்துக்கு ஆபத்து என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சவ்வின் கதை வேறு. விலங்கு செல்களின் வெளிச் சவ்வில் மூன்றில் ஒரு லிப்பிடு மூலக்கூறாவது கொலஸ்ட்ராலாக இருப்பது சாதாரணம். தட்டையான, விறைப்பான அந்த மூலக்கூறு வால்களுக்கிடையே செருகிக்கொண்டு, வெப்பத்தில் அவை அளவுக்கு மீறி அலையாமலும் குளிரில் நெருங்கி உறையாமலும் பார்த்துக்கொள்கிறது. தாவரங்கள் இதே வேலைக்குப் பெரும்பாலும் வேறு ஸ்டீரால்களை வைத்திருக்கின்றன. ஆகவே கடலை எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பெரிதாக அச்சிடுவது, இளநீரில் எலும்பு இல்லை என்பது போலத்தான்.

நம்பிக்கை: இரண்டு அடுக்கு என்பதைப் பிழையற்ற ஒரு சோதனை நிரூபித்தது.

உண்மை: 1925இல் நெதர்லாந்தின் லெய்டனில், குழந்தை மருத்துவர் கோர்ட்டரும் அவருடைய உதவியாளர் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனில் பிரித்து, நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். செல்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு பரப்பு வந்தது. ஆகவே இரண்டு அடுக்கு என்றார்கள். ஆனால் அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் எடுத்திருக்கவில்லை. உலர்ந்த செல்களை அளந்ததால் மேற்பரப்பும் குறைவாகவே கணக்காகியிருந்தது. ஒரு குறையை மற்றொரு குறை ஈடுகட்டிவிட, விடை சரியாக வந்து விழுந்தது. 1966இல் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோதுதான் இந்தக் கணக்கு வெளிப்பட்டது. அதற்குள் பாடப்புத்தகங்களில் இரட்டை வரிசைப் படம் ஏறிவிட்டிருந்தது.